அத்திப்பழ அடை

பாளையங்கோட்டை

அன்புள்ள கிரேஸ்,

ஸ்தோத்திரம். இந்தச் சொல்லை நான் இனி எழுதக்கூடாது என்று அங்கே யாராவது சொன்னால், எனக்கும் கர்த்தருக்கும் நடுவில் நிற்க அவர்கள் யார் என்று கேள்.

அண்ணனும் பிள்ளைகளும் சுகமா? சின்னவனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்துவிட்டது என்று கிணற்றடி அக்கா சொன்னாள். சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்.

நகையும் கூடாது, மருந்தும் கூடாது என்கிற நம் சபையை விட்டு நான் வந்துவிட்டேன். இது உன் காதுக்கு ஏற்கெனவே வந்திருக்கும், அதுவும் கண் காது மூக்கு வைத்து. நான் கவரிங் கம்மல் மாட்டிக்கொண்டு திரிவதாக ஆர்மோனியம் பெரியப்பா வீட்டில் பேசிக்கொண்டார்களாம். என் காதில் ஒன்றும் இல்லை. போட்டுக்கொள்ள ஆசையும் இல்லை. கவரிங் கம்மல் என்றதும் நீ சிரித்திருப்பாய். விடுதியில் அது யாருடையது என்று நான் இன்றுவரை வாய் திறக்கவில்லை, அதை மறந்துவிடாதே.

மற்றவர்கள் சொல்வதைச் சொல்லட்டும். உனக்கு நானே சொல்ல வேண்டும். நாம் இருவரும் ஒரே வெள்ளைச் சேலையைக் கிழித்துப் பாதி பாதியாகத் தாவணி போட்டவர்கள். பரிசுத்த ஆவிக்காகக் காத்திருக்கும் கூட்டங்களில் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்றவர்கள். நான் எதற்காக வெளியே வந்தேன் என்பதை நீ என் கையெழுத்தில் படிக்க வேண்டும்.

தம்பி மகளுக்கு 11 வயது. என் பள்ளியில்தான் படிக்கிறாள். ஜூன் மாதத்திலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. மணிக்கு ஒரு தரம் வெளியே போக அனுமதி கேட்டாள். கொண்டுவந்த தண்ணீரை முதல் பீரியடிலேயே குடித்து முடித்துவிட்டு மற்ற பிள்ளைகளிடம் கேட்டாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்தியிருந்தாள். வீட்டில் சொன்னேன். தம்பி மனைவி சபை மூப்பரை வரவழைத்தாள். எண்ணெய் பூசி ஜெபித்தார்கள், உபவாசம் இருந்தார்கள். நானும் இருந்தேன். முழு மனதோடுதான் இருந்தேன்.

ஒரு ஞாயிறு இரவு அங்கே போனபோது பிள்ளை பாயில் கிடந்தாள். மூச்சை ஆழமாக, நீளமாக இழுத்து இழுத்து விட்டாள். வாயருகே குனிந்தேன். அழுகிய பழத்தின் வாடை. உதடு வெடித்திருந்தது. நாக்கை நீட்டச் சொன்னால் அது வெளியே வராமல் பல்லில் ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் துதி நடந்துகொண்டிருந்தது. நான் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தம்பி ஒன்றும் சொல்லாமல் ஆட்டோவைக் கூப்பிட்டான்.

சர்க்கரை 500-ஐத் தாண்டியிருந்தது. இன்னும் ஒரு ராத்திரி வைத்திருந்தால் பிள்ளை கைக்குக் கிடைத்திருக்காது என்றார் டாக்டர். இது மிட்டாய் தின்று வருவதல்ல, வயதானவர்களுக்கு வரும் சர்க்கரை நோயும் அல்ல என்று உட்கார வைத்து விளக்கினார். இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறதாம். முதல் வகை என்கிறார்கள். ஆயுள் முழுக்க ஊசி போட வேண்டும். நிறுத்தினால் சில நாட்களிலேயே மறுபடி அதே மூச்சு, அதே வாடை.

பிறகு நடந்ததை நீயே ஊகித்திருப்பாய். சபை நடுவில் எழுந்து நின்று அறிக்கை செய்ய வேண்டும் என்றார்கள். அதுவரை எனக்கு அப்பம் பிட்குதலில், அந்தத் திருவிருந்தில், பங்கில்லை. மாம்சத்தின் கையை நம்பினேன், பிள்ளையின் விசுவாசத்தைக் கெடுத்தேன் என்று சொல்ல வேண்டுமாம். நான் எழுந்து நின்றேன். என் பாவங்களை எத்தனை வேண்டுமானாலும் சொல்கிறேன், இது என் பாவம் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தம்பி மனைவி அழுதுகொண்டே அறிக்கை செய்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கல்யாணத்துக்கு நிற்கிற தங்கைகள் அவளுக்கு உண்டு. வரன் பார்ப்பவர்கள் சபைக்காரர்கள்தான்.

அவளை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள், ஒரு யோசனையும் சொல்லி. ஊசி மருந்தை விசுவாசத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டுமாம்.

கிரேஸ், நான் வெளியே வந்தது அந்த யோசனைக்காக. அறிக்கை செய், பந்திக்கு வராதே, கடைசி வரிசையில் உட்கார் என்றதை எல்லாம் பொறுத்துக்கொண்டு கிடந்திருப்பேன். ஒரு பிள்ளையின் மருந்தை அளவு குறைத்து அவள் சாவதைப் பார்க்கச் சொல்கிற உபதேசத்துக்குக் கீழே என்னால் உட்கார முடியாது. அன்று ராத்திரியே அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். இப்போது என்னோடுதான் இருக்கிறாள்.

நீ என்ன வசனம் எடுப்பாய் என்று எனக்குத் தெரியும். ‘நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்’. அதை நான் தினமும் சொல்லித்தான் ஜெபிக்கிறேன். அடுத்து யூதாவின் ராஜா ஆசாவை எடுப்பாய். காலில் வியாதி கண்டபோது ஆசா செய்த குற்றம் என்ன? கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளை மட்டும் தேடினான். வியாதி விஷயத்தில் அவன்மேல் சொல்லப்பட்ட குற்றம் அவ்வளவுதான். இரண்டு பேரையும் தேடியவனைக் கண்டிக்கிற வசனம் ஒன்றை எனக்கு எடுத்துக் காட்டு.

எசேக்கியா ராஜாவை எடுத்துப் படி. இரண்டாம் இராஜாக்கள் புத்தகம், 20. நாம் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த அதிகாரம். ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுகிறான். தீர்க்கதரிசி ஏசாயா அரண்மனையின் நடுமுற்றத்தைத் தாண்டும் முன்பே கர்த்தர் அவனைத் திருப்பி அனுப்புகிறார்: விண்ணப்பத்தைக் கேட்டேன், உன்னைக் குணமாக்குவேன், உன் நாட்களோடு 15 வருஷம் கூட்டுவேன். வாக்குத்தத்தம் முடிந்துவிட்டது. கர்த்தரே சொல்லிவிட்டார். நம் சபையாக இருந்தால் இந்த இடத்தில் எல்லாரும் எழுந்து நின்று துதித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். ஆனால் அடுத்த வசனத்தில் ஏசாயா என்ன கேட்கிறான்? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவாருங்கள் என்கிறான். கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள், அவன் பிழைத்தான். குணமாக்குவேன் என்ற வார்த்தை ஏழாம் வசனத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. மருந்து அதற்குப் பின்னால், தீர்க்கதரிசியின் வாயிலிருந்தே வருகிறது. அந்த அடையை வேண்டாம் என்று தள்ளியிருந்தால் எசேக்கியா விசுவாச வீரன் ஆகியிருப்பானா? இத்தனை வருஷப் பிரசங்கத்தில் ஆறாம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டவர்களைத்தான் நான் கேட்டிருக்கிறேன்.

அப்போஸ்தலன் பவுலைப் பார். அவருடைய உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறு. கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள் என்று எழுதுகிறார். இன்னொரு உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவிட்டு வருகிறார். அவனுக்கு விசுவாசம் இல்லை என்று ஒரு வரி கிடையாது. தன் மாம்சத்து முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. கூடவே நடந்த லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று எழுதுகிறார். வைத்தியம் பாவத் தொழில் என்றால் அந்தப் பெயரை இத்தனை பிரியமாக எழுதுவாரா?

இந்த உபதேசம் நம் அப்போஸ்தலர்களிடமிருந்து நேராக வந்தது என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் தேடிப் படித்த மட்டில், மருந்தே கூடாது என்கிற இந்தக் கெடுபிடி 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில்தான் பலப்பட்டது. ஜான் அலெக்சாண்டர் டவி என்பவர் சிகாகோவுக்கு வடக்கே சீயோன் என்று ஒரு நகரத்தையே அமைத்தார். அங்கே டாக்டருக்கும் மருந்துக் கடைக்கும் இடமில்லை. 1902-ல் அவருடைய மகள் எஸ்தர் தீக்காயம் பட்டு இறந்துபோனாள். அவருக்கே பக்கவாதம் வந்து 1907-ல் இறந்தார். அவரை இகழ இதை எழுதவில்லை. மகளைப் பறிகொடுத்த தகப்பன். ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்தப் போதனையைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனார்களே தவிர, அந்த மகளைப் பற்றிப் பேசவில்லை. நம் மூப்பர்கள் யாரும் அவள் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நம் ஊருக்குப் பக்கத்தில் டோனாவூர் இருக்கிறது. அங்கே ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல் விழுந்து, ஏறக்குறைய இருபது வருஷம் படுக்கையில் கிடந்து, 1951-ல் மரித்தார்கள். அவர்களைவிட ஜெபித்தவர்களை நாம் பார்த்திருக்கிறோமா? அங்கே ஆஸ்பத்திரி கட்டினார்கள், ஜெபமும் செய்தார்கள். ஒன்றுக்காக மற்றொன்றை விடவில்லை.

இன்சுலின் கதையையும் கேள். 1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோவில் லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதல் போட்டார்கள். அதுவரை இந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு டாக்டர்களிடம் இருந்த ஒரே வழி பட்டினி. எலும்பும் தோலுமாக வைத்துச் சாவைக் கொஞ்சம் தள்ளிப் போடுவார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை மேலும் சுத்தப்படுத்தி அதே மாதம் மறுபடி போட்டார்கள். பையன் பிழைத்தான், 1935 வரை இருந்தான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எசேக்கியாவுக்கு 15 வருஷம், அந்தப் பையனுக்கு 13. கொடுத்தவர் ஒருவரே என்று நான் விசுவாசிக்கிறேன். இதை விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில், எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் அந்தக் குப்பி இருக்கிறது. காலையில் பிள்ளை அதை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டுகிறாள். ஊசியில் அளவு பார்த்து இழுக்கிறாள். குமிழி இருந்தால் விரலால் சுண்டி மேலே ஏற்றுகிறாள். வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டுக் குத்திக்கொள்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் வாரத்தில் ஒரு நாள், “அத்தை, மூப்பர் ஐயா சொன்ன மாதிரி இயேசு என்மேல் கோபமாக இருக்கிறாரா?” என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். 11 வயதுப் பிள்ளையின் வாயில் அந்தக் கேள்வியை வைத்தவர்களை நினைத்தால் இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

சபை எனக்குக் கொடுத்ததை நான் மறுக்க மாட்டேன். அம்மா இறந்தபோது இரவும் பகலும் கூட இருந்தவர்கள் அந்தச் சகோதரிகள்தான். விடியற்கால ஜெபத்துக்கு இப்போதும் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. சேர்ந்து பாட ஆள் இல்லை. சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போகிறேன். அச்சடித்த ஜெபத்தைப் பார்த்துப் படிப்பது முதலில் ஒட்டவில்லை, இப்போது பரவாயில்லை. தெருவில் எதிர்ப்படுகிற நம் ஆட்கள் மறுபக்கம் போய்விடுகிறார்கள். அப்பாவும் அம்மாவும் கிடக்கிற கல்லறைத் தோட்டத்தில் எனக்கு இடம் தரமாட்டார்கள். இதில்தான் எனக்கு அழுகை வருகிறது. மற்ற எதிலும் இல்லை.

இனி உன் விஷயம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். காலில் வீக்கம், காலையில் எழுந்ததும் பின்தலையில் வலி என்று நீ போனில் சொன்னாய். பேச்சை மாற்றிவிட்டாய். உன் அம்மா எப்படிப் போனார்கள் என்று நம் இருவருக்கும் தெரியும். கை விழுந்து, வாய் கோணி, ஒரு வாரம் ஜெபத்திலேயே கிடந்து போனார்கள். அவர்களுக்கு ஒருநாளாவது ரத்த அழுத்தம் பார்த்தோமா? ரத்த அழுத்தமா, சிறுநீரகமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. பார்த்தால்தான் தெரியும். நீ சபையை விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உன் மனசாட்சி உன்னுடையது. கையில் ஒரு பட்டையைக் கட்டி அளந்து பார்ப்பதை எந்த வசனமும் தடுக்கவில்லை.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. காலை முதல் பஸ்ஸில் வா. அண்ணனிடம் பொய் சொல்லாதே. என்னைப் பார்க்கப் போகிறேன் என்றே சொல். அவர் தடுத்தால் எனக்குப் போன் செய், நான் அங்கே வருகிறேன்; வாசலில் நிறுத்திப் பேசினாலும் பேசிவிட்டுத்தான் திரும்புவேன். டாக்டர் ஒரு பெண்தான், பொறுமையாகக் கேட்பார். சாப்பிடாமல் வா, ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். இட்லியும் சட்னியும் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

என்றும் உன்
அறைத்தோழி