அப்பாவின் ஐந்து வாரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் சிங்கப்பூர்க் குடிமைக் குழந்தைகளின் பெற்றோருக்குப் பகிரப்படும் பெற்றோர் விடுப்பு 10 வாரம். அம்மாவுக்கு 5, அப்பாவுக்கு 5. 2025 ஏப்ரலுக்கு முந்தைய திட்டத்தில் அம்மாவின் 16 வார மகப்பேற்று விடுப்பிலிருந்துதான் அப்பாவுக்குக் கிள்ளிக் கொடுக்க முடியும். கேட்கவே கணவர்கள் கூசினார்கள். இப்போதைய 10 வாரம் தனி. தந்தையர் விடுப்பு 4 வாரமும் தனி.

இருந்தும், தம் பங்கை மனைவிக்கே மாற்றிக் கொடுக்க விதி இடம் தருகிறது. அப்பாக்களே, அப்படிச் செய்யாதீர்கள். இருவரும் ஒரே நேரத்தில் எடுத்தாலும் பாதிப் பயன் போய்விடும். பிரசவ நாளில் அம்மாவின் விடுப்பு தொடங்கினால், 16 வாரத்தோடு அவருடைய 5 சேர்ந்து 21. அவர் வேலைக்குத் திரும்பும்போது அப்பாவின் 5 வாரம் தொடங்கினால், 26 வாரம்வரை குழந்தை வீட்டிலேயே இருக்கும். தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்லும் ஆறு மாதமும் அதுதான்.

இதில் சறுக்குவது பெரும்பாலும் புட்டிப்பாலில். அம்மா கிளம்பிய அன்றுதான் முதன்முதலாகப் புட்டியை நீட்டினால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டு மூன்று வாரம் முன்பே, கடும்பசி வருமுன், அப்பா கையால் தினம் ஒருமுறை கொடுத்துப் பழக்குங்கள். பிழிந்தெடுத்து உறையவைத்த தாய்ப்பாலை முதல்நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் கூடாது, ஒரு பக்கம் ஆறியும் ஒரு பக்கம் கொதித்தும் வாய் வெந்துவிடும்.

பங்கை மாற்ற நினைப்பவர்கள் குழந்தை பிறந்த 4 வாரத்துக்குள் அரசின் லைஃப்எஸ்ஜி (LifeSG) செயலியில் மாற்ற வேண்டும். பிறகு முதலாளியின் சம்மதம் தேவை. பத்தியமும் தூக்கமில்லா இரவுமாகப் போகும் நாள்கள் அவை. கர்ப்பத்தின் ஏழாம் மாதத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். குழந்தை பிறக்குமுன் அதே நிறுவனத்தில் தொடர்ந்து 3 மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்பதையும், வேலை மாற எண்ணுபவர்கள் கவனியுங்கள்.

சம்பளத்தை முதலாளி கொடுத்துவிட்டு அரசிடம் திரும்பப் பெறுகிறார். மத்திய சேமநிதியும் சேர்த்து வாரத்துக்கு 2,500 வெள்ளி உச்சவரம்பு. ஆகவே சிறு நிறுவனங்களைத் தயங்கவைப்பது பெரும்பாலும் ஆள் பற்றாக்குறைதான். விதிப்படி 4 வாரம் முன்னால் சொன்னால் போதும். மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்ற பட்டியலையும் கையோடு கொடுங்கள்.

வாசகர், உட்லண்ட்ஸ்