பற்றுச்சீட்டு எல்லா வீட்டுக்கும் வரட்டும், தலைக்கணக்கும் பார்க்கட்டும்

ஆசிரியருக்கு,

சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் 'மாமா கடை' என்று சொல்கிற வகைக் கடை. அரிசி, பருப்பு, தேங்காய், தோசை மாவு, பால் மாவு, ராத்திரி பத்து மணிக்குத் திடீரென்று தேவைப்படும் பேட்டரி, எல்லாம் கிடைக்கும். இந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்றுதான் சிடிசி பற்றுச்சீட்டுத் திட்டத்தை அதன் முதல் சுற்றிலிருந்து பார்த்து வருகிறேன். சிடிசி என்பது சமூக மேம்பாட்டு மன்றம். அதன் வழியாக அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுக்கும் இந்தச் சீட்டுக்கு வெள்ளி (டாலர்) மதிப்பு உண்டு, கடையில் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கலாம்.

ஒவ்வொரு முறை பற்றுச்சீட்டு வரும்போதும் கோப்பிக் கடையில் ஒரு பேச்சு கிளம்பும். "வசதியாகத் தனி நிலவீட்டில் இருக்கிறவனுக்கும் 300 வெள்ளி, ஓரறை வாடகை வீட்டில் இருக்கிறவனுக்கும் 300 வெள்ளியா? கஷ்டப்படுகிறவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லாருக்கும் கொடுப்பது அப்படியே இருக்கட்டும். மாற வேண்டியது வேறொன்று.

2020 ஜூன் மாதம் இந்தத் திட்டம் தொடங்கியபோது எல்லாருக்கும் வரவில்லை. கொவிட் சமயம். குறைந்த வருமானக் குடும்பங்கள் சுமார் 400,000க்குத் தலா 50 வெள்ளி, காகிதச் சீட்டாக. சீட்டை நீட்டினாலே 'நான் குறைந்த வருமானக் குடும்பம்' என்று கடையில் எல்லார் முன்னாலும் சொல்வது மாதிரி. எட்டாவது மாடியில் இருந்து வரும் ஒரு அக்கா, சாதாரண நாளில் கடைக்குள் நுழைவதற்கு முன்பே அவர் குரல் நுழைந்துவிடும். சீட்டு வைத்திருந்த அந்த வாரங்களில் மட்டும் நான் கடை சாத்தும் நேரம் பார்த்து வருவார். வேறு ஆள் யாராவது உள்ளே இருந்தால் மசாலாத் தூள் அடுக்கின் முன்னால் நின்று பொட்டலங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். ஆள் போன பிறகு, "தம்பி, இது செல்லும்தானே?" என்று மெதுவாகக் கேட்பார். அவர் ஒருவர் மட்டும் இல்லை.

2021 டிசம்பரில் எல்லாச் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கும் 100 வெள்ளி என்று ஆனது. காகிதம் போய்க் கைப்பேசி வந்தது. அன்றைக்குப் போன கூச்சம் திரும்பி வரவே இல்லை. எதிர்ப்பக்கத்துத் தனியார் கொண்டோ அடுக்குமாடியில் இருக்கும் ஆசிரியையும், எங்கள் புளோக்கைக் கூட்டுகிற பாட்டியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி கியூஆர் குறியீட்டைத்தான் காட்டுகிறார்கள். அந்த அக்கா இப்போது வாசலில் இருந்தே, "மாமா, சிடிசி இன்னும் நாற்பது வெள்ளி இருக்கு, நல்ல முருங்கைக்காய் வந்திருக்கா?" என்று கத்துகிறார். வசதியானவர்களுக்குப் போகும் பணம் வீண் என்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தங்களுக்குத் தேவையில்லை என்று நினைப்பவர்கள் அறநிறுவனங்களுக்குக் கொடுத்துவிடவும் வழி இருக்கிறது. கொடுக்கிறவர்கள் கொடுக்கிறார்கள்.

கடைக்காரன் ஆதாயத்துக்குப் பேசுகிறான் என்று தோன்றலாம். ஆதாயம் உண்டுதான், மறைக்கவில்லை. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதில் பெரும்பகுதி என் பக்கம் வந்திருக்காது. 2023 ஜனவரியில் வந்த 300 வெள்ளியில் இருந்து பாதி பேரங்காடிக்கு, பாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும் என்று பிரித்தார்கள். அந்தப் பாதி எங்களைப் போன்றவர்களைப் பிடித்து நிறுத்துகிறது. பேரங்காடியில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பார்கள். எனக்கு அது முடியாது. நான் செய்ய முடிந்ததெல்லாம், அரை மூடித் தேங்காய் கேட்டால் உடைத்துக் கொடுப்பதும், சம்பளம் வரும்வரை கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வதும்தான். பற்றுச்சீட்டு வரும் மாதத்தில் அந்த நோட்டில் புதிதாக ஏறும் பெயர்கள் குறைந்துவிடும். பழைய பாக்கிக்குச் சீட்டை வாங்குவதில்லை, அன்றைக்கு எடுக்கும் சாமானுக்கு மட்டும்தான். அப்படியிருந்தும் குறைகிறது. சிகரெட்டுக்குச் செல்லாது, பீருக்குச் செல்லாது என்பது இன்னும் சில அங்கிள்களுக்குப் பெரிய வருத்தம். அது வேறு கதை.

விலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பொருள் சேவை வரி 2023ல் 7 விழுக்காட்டில் இருந்து 8 ஆனது, 2024ல் 9 ஆனது. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளிக்குக் கீழே இருப்பதால் நான் வரிக்குப் பதிவு செய்யவில்லை. ரசீதில் வரி போடுவதில்லை. ஆனால் எனக்குச் சாமான் போடுகிறவர் வரி சேர்த்துத்தான் போடுகிறார். அது விலைக்குள் உட்கார்ந்துவிடுகிறது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது ஒரே வாரத்தில் என் கடையில் பொன்னி அரிசி மூட்டைகள் காலியாகின. பொன்னிப் புழுங்கலரிசிக்கு அந்தத் தடையே கிடையாது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? அடுத்த மாதம் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டார்கள், பயந்து வாங்கியவர்கள் "பார்த்தீர்களா?" என்றார்கள். அந்த வருடக் கடைசியில் வெங்காய ஏற்றுமதியும் நின்றது. ஊர் வெங்காயம் இல்லாமல் சாம்பார் வைத்த வீடுகள் எத்தனை என்று எங்களைப் போன்ற கடைக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

சரி, மாற வேண்டியது எது என்பதற்கு வருகிறேன்.

பற்றுச்சீட்டு வீட்டுக்கு இவ்வளவு என்று வருகிறது. அடையாள அட்டையில் ஒரே முகவரி இருந்தால் ஒரே குடும்பம். அதில் ஒருவர் அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸ் மூலம் பெற்றுக்கொண்டால் குறுஞ்செய்தியில் இணைப்பு வரும், அதை வீட்டில் மற்றவர்களுக்கு அனுப்பலாம். 2024ல் ஜனவரியில் 500, ஜூனில் 300. 2025ல் ஜனவரியில் 300, மே மாதம் 500. 2026 ஜனவரியில் 300. எந்தச் சுற்றிலும் வீட்டில் எத்தனை வாய் இருக்கிறது என்ற கேள்வியே இல்லை.

என் வாடிக்கையாளர்களில் மனைவி இறந்தபின் தனியாக இருக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. ரொட்டி, முட்டை, பால், வாழைப்பழம், வாரத்தில் ஒருநாள் கருவாடு. ஜனவரியில் வந்த சீட்டு அவரிடம் தீபாவளி வரை இருக்கும். அதே புளோக்கில் மூவறை வீட்டில் ஏழு பேர் இருக்கிறார்கள்: அம்மா, அப்பா, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மூன்று, கைக்குழந்தை ஒன்று, பாட்டி ஒருவர். அப்பாவுக்குக் கிடங்கில் வேலை. 500 வெள்ளி வந்தால் அவருக்கு ஆளுக்கு 72 வெள்ளிகூட முழுதாகத் தேறாது. பெரியவருக்கு முழுசாக 500. அந்த வீட்டம்மா பால் மாவு டின் ஒன்றை எடுத்து வைத்தாலே கடைப் பங்கில் பெரிய துண்டு போய்விடும். சீட்டு வந்த மாதமே தீர்ந்துவிடும்.

இன்னொரு கூத்தும் நடக்கும். இணைப்பு வீட்டு வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும். அம்மா இங்கே தக்காளி, அரிசி, எண்ணெய் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் கைப்பேசியைத் திறப்பார். கடைப் பங்கில் ஒன்றும் இருக்காது. மகனுக்குப் போன் போடுவார். அவன் தேசிய சேவையில் இருப்பவன். முகாமில் இருந்து வெளியே வந்த அன்று நண்பர்களோடு உணவங்காடி நிலையத்தில் சிக்கன் ரைஸ், சாத்தே என்று முடித்திருப்பான். "எல்லாருக்கும் வந்ததுதானேம்மா!" அவன் சொல்வதும் சரிதான். எடுத்து வைத்த சாமானில் பாதி திரும்ப அடுக்குக்குப் போகும்.

தலைக்கணக்கில் கொடுப்பது நடக்காத காரியம் இல்லை. 2025 ஜூலையில், நாட்டின் 60ஆம் ஆண்டு நிறைவுக்கான எஸ்ஜி60 பற்றுச்சீட்டு அப்படித்தான் வந்தது. 21 முதல் 59 வயது வரை ஆளுக்கு 600 வெள்ளி, 60ம் அதற்கு மேலும் 800 வெள்ளி. அவரவர் பேரில், அவரவர் சிங்பாசில். கடையில் சிக்கல் ஒன்றும் இல்லை. அதே கியூஆர், அதே செயலி. யார் சீட்டை யார் தின்றது என்ற சண்டையும் இல்லை. அதில் பிள்ளைகளுக்குப் பங்கு இல்லை என்பதுதான் குறை. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அந்த வருடம் 500 வெள்ளி கைப்பேசிச் செயலியில் செலவழிக்கும் லைஃப்எஸ்ஜி தொகையாகவும், 13 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்கு எடுசேவ் போன்ற கல்விக் கணக்கிலும் தனியாகப் போட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் கல்விக் கணக்கில் இருக்கும் பணத்தைக் கொண்டு வந்து என் கடையில் இரவுச் சாப்பாட்டுக்கு முட்டை வாங்க முடியாது.

"யூ-சேவ் தள்ளுபடி இருக்கிறதே, சிறிய வீட்டுக்கு அதிகம் கிடைக்கிறதே" என்று சொல்வார்கள். உண்மைதான், மின்சாரக் கட்டணத்துக்கு அது பெரிய உதவி. அங்கேயும் பார்ப்பது வீட்டின் அளவைத்தான். ஐந்தறை வீட்டில் இரண்டு பேரும் இருக்கலாம், ஒன்பது பேரும் இருக்கலாம்.

ஆகவே என் யோசனை இது. வீட்டுக்கு ஒரு அடிப்படைத் தொகை, எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோல இருக்கட்டும். அதற்கு மேல் 21 வயதுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும், 60 தாண்டிய ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் சேரட்டும். மொத்தச் செலவு ஏறக்கூடாது என்றால் 300 வெள்ளியில் 200ஐ அடிப்படையாக வைத்து, மிச்சத்தைத் தலைக்கணக்கில் பிரிக்கலாம். தனியாக இருக்கும் என் பெரியவருக்கு இதில் சற்றுக் குறையலாம். முதியவர் பங்கு சேர்வதால் பெரிதாகக் குறையாது. குறைவது, வேலைக்குப் போகும் இருவர் மட்டுமே இருக்கும் வீடுகளுக்கு. அவர்களில் சிலர் என் நல்ல வாடிக்கையாளர்கள், இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளக்கூடும். பரவாயில்லை. வருமானச் சான்று கேட்க வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம். அதைக் கேட்டால் அந்த அக்கா மறுபடியும் கடை சாத்தும் நேரத்துக்குத்தான் வருவார். பிறந்த தேதியும் முகவரியும் அரசாங்கத்திடம் ஏற்கெனவே இருக்கின்றன. உண்மையிலேயே மாதச் செலவுக்கே வழியில்லாதவர்களுக்குச் சமூக சேவை அலுவலகமும் காம்கேர் நிதியுதவியும் இருக்கின்றன. அது வேறு கதவு, அங்கே கேள்வி கேட்பது நியாயம்.

சின்ன விஷயம் இன்னொன்று. சீட்டு 2, 5, 10 வெள்ளி மதிப்புகளில் வருகிறது, மீதிச் சில்லறை கிடையாது. 2 வெள்ளிச் சீட்டுகள்தான் முதலில் தீரும், ஏனென்றால் எல்லாரும் எதற்கும் அதைத்தான் தட்டுகிறார்கள். பிறகு 10 வெள்ளிச் சீட்டு மட்டும் மிஞ்சும். 6 வெள்ளி 40 காசுக்குச் சாமான் எடுத்த பாட்டி, கூட எதையாவது எடுத்து 10 ஆக்க வேண்டும். நானும் கடைக்காரன்தான், கூட வாங்கினால் எனக்கு லாபம்தான். ஆனால் அவர் அந்த நேரத்தில் எடுக்கிற மூன்று பாக்கெட் பிஸ்கட் அவருக்குத் தேவையில்லை, சர்க்கரை நோய் வேறு. 10ஐ ஐந்து 2 ஆக மாற்றிக்கொள்ள அதே இணைப்பில் ஒரு பொத்தான் வைத்தால் போதும். சமூக மன்றத்தில் காகிதத்தில் அச்சிட்டு வாங்கும் முதியவர்களுக்கும் 2 வெள்ளியாகவே அச்சிட்டுக் கொடுக்கலாம். தாள் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

இதன் முழுக் கூத்தையும் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர் கடைசி வாரம் வர வேண்டும். சீட்டு 31ஆம் தேதியோடு காலாவதியாகும் வருடங்களில், தீராத 10 வெள்ளிகளோடு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். என்ன வாங்குவது என்று தெரியாமல் என்னிடமே கேட்பார்கள். இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் அதிகாரிகள் யாராவது அந்த வாரத்தில் ஒரு மாலை என் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்க்கட்டும். கோப்பி என் செலவு.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர் ஒருவர்
ஈசூன்