ஒரு கல்லும், இல்லாத ஒரு பள்ளமும்: ஜார்ஜ் டவுன் நடைக்கு வரும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். சென்ற மாதம் எங்களுடன் சென்னை ஜார்ஜ் டவுன் வரலாற்று நடைக்கு வந்திருந்த ஒரு பெரியவர், நடை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "மூன்று மணி நேரம் அலைந்து ஒரு கல்லையும், இல்லாத ஒரு பள்ளத்தையும் பார்த்திருக்கிறோம், இதற்கு நானூறு ரூபாயா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார் என்றாலும் கேள்வியில் நியாயம் இருந்தது. எதைக் காட்டுகிறோம், எதைக் காட்டுவதில்லை என்பதைப் பதிவு செய்யும்போதே நாங்கள் விளக்கியிருக்க வேண்டும். அதைச் செய்யத் தவறியதால்தான் இந்த மடல்.

முதலில் அந்தக் கல். பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி நிற்கும் எல்லைத்தூண் அது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் முனையில் நின்றாலும் அதை ஏறிட்டுப் பார்ப்பவர் அரிது. எஸ்பிளனேடின் (புனித ஜார்ஜ் கோட்டைக்கு முன்னிருந்த வெட்டவெளியின்) எல்லை என்ற செய்தியும் 1773 ஜனவரி 1 என்ற நாளும் அதில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இன்று உயர்நீதிமன்றம் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் வீடுகளும் கடைகளும் கோயிலுமாக ஒரு முழு ஊர் இருந்தது. கோட்டையில் இருந்த வெள்ளையர் அதைக் கறுப்பர் பட்டணம் என்றனர். 1746-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை மதிலை ஒட்டியிருந்த வீடுகளை இடித்தார்கள். 1749-இல் கோட்டையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்களோ, எதிரி மறைந்து நின்று சுட ஒரு சுவர்கூட மிஞ்சக்கூடாது என்று முடிவுசெய்து மீதியையும் படிப்படியாகத் தரைமட்டமாக்கி, பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய்வதற்கான வெட்டவெளியை உண்டாக்கினார்கள். அந்த வெளிக்குள் இனி யாரும் கட்டடம் எழுப்பக்கூடாது என்று அறிவிக்க நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியது இந்த ஒன்றுதான். ஆகவே அந்தக் கல்லின் முன் கால் மணி நேரம் நிற்கிறோம் என்றால், ஓர் ஊர் அழிந்ததற்குத் தெருவில் நிற்கும் ஒரே சாட்சியின் முன் நிற்கிறோம் என்று பொருள்.

அந்த ஊரோடு இடிபட்டதுதான் சென்னகேசவப் பெருமாள் கோயில். அதற்கு மாற்றாக எழுந்த கோயிலையும், அதன் அருகிலேயே இருக்கும் சென்னமல்லீசுவரர் கோயிலையும் தேவராஜ முதலி தெருவுக்கு அருகில் பூக்கடைச் சந்தடிக்குள் இன்றும் காணலாம். பழைய ஆட்கள் இவற்றைப் பட்டணம் கோயில் என்பார்கள். புதிய கோயில் எழுவதற்கு முன்னின்றவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். ஆளுநர் பிகட்டுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்தவர் அவர். கல்லையும் கோயிலையும் ஒரே காலையில் பார்த்தால்தான் இரண்டுக்கும் உள்ள தொடர்பு விளங்கும் என்பதால்தான், இடையில் உள்ள தூரத்தை வண்டியில் கடக்காமல் நடத்தியே அழைத்துச் செல்கிறோம்.

அடுத்து அந்தப் பள்ளம். அது இல்லை என்பது உண்மைதான். கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை என்று இரண்டு பேட்டைகள் இருந்தன. நடுவில் கழிவுநீர் தேங்கும் தாழ்வான வாய்க்கால் ஒன்று ஓடியது. இடங்கை, வலங்கை என்ற இரு சாதிப் பிரிவினருக்கிடையே தெரு உரிமை பற்றி மூண்ட பூசலைத் தீர்க்க, ஆளுநர் தாமஸ் பிட் காலத்தில் முன்னவர்க்கு முத்தியால்பேட்டையும் பின்னவர்க்குப் பெத்தநாயக்கன்பேட்டையும் என்று ஒதுக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஸ்டீபன் போபம் என்ற வழக்கறிஞர் அந்தத் தாழ்நிலத்தைத் தூர்த்து அகலமான சாலை அமைத்தார். அதுதான் பிராட்வே. இப்போது அதன் பெயர் பிரகாசம் சாலை. ஆயினும் பேருந்துப் பலகையும் நடத்துநரின் குரலும் இன்றுவரை பிராட்வேயைத்தான் சொல்கின்றன. சாலையின் நடுவே நின்று, "நீங்கள் நிற்பது வாய்க்காலில்" என்று நாங்கள் சொல்லும்போது சிலர் முகம் சுளிப்பதைக் கவனித்திருக்கிறோம். இனி அதற்கு முன்பே இரண்டு பேட்டைகளின் எல்லையையும் ஒரு வரைபடத்தில் காட்டிவிட்டுத்தான் சாலைக்குள் இறங்குவோம்.

இந்த நடையில் பெயர்களுக்கு நாங்கள் தரும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டடங்கள் இடிந்தாலும் பெயர்கள் எளிதில் இடிவதில்லை. பாரிமுனை என்றதும் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் அது 1788-இல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி என்ற வணிகரின் பெயர். ஆர்மீனியன் தெருவை நம் முன்னோர் தங்கள் காதுக்குப் பழகிய ஒலியில் அரண்மனைக்காரத் தெரு ஆக்கினார்கள். அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. பவழக்காரத் தெருவில் மத்தியதரைக் கடல் பவழத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்ற யூத வணிகர்கள் வாழ்ந்தார்கள். யானைகவுனியில் யானையும் இல்லை, கவுனி எனப்படும் வாயிலும் இல்லை. ஹைதர் அலியின் படை 1769-இல் சென்னையின் வாசல்வரை வந்துபோன அச்சத்தில் ஊரைச் சுற்றி எழுப்பப்பட்ட மதிலின் வாயில் ஒன்றின் பெயரே அங்கே தங்கியிருக்கிறது. மதில் கட்டிய செலவை மக்களிடம் வரியாக வாங்க நினைத்துக் கடைசியில் வாங்காமலே விட்டார்கள். வாங்காத அந்த வரியின் பெயரில் வால்டாக்ஸ் சாலை மட்டும் நிலைத்துவிட்டது!

ஒரு திருத்தத்தையும் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது, ஒரு குண்டு உயர்நீதிமன்ற வளாகத்தில் விழுந்தது, அதை நினைவூட்டும் கல்வெட்டு கிழக்கு மதிலில் இருக்கிறது ஆகிய அனைத்தும் சரி. கெட்டிக்காரனை "அவன் சரியான எம்டன்" என்று நாம் சொல்வதும் அந்த இரவின் மிச்சம்தான். ஆனால் கப்பலில் விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பதையும் எங்கள் வழிகாட்டி ஒருவர் நடந்த நிகழ்ச்சியாகவே சொல்லிவந்தார். வாடிக்கையாளர் ஒருவர் ஆதாரம் கேட்டபோது எங்களால் காட்ட முடியவில்லை. இனி அது மக்கள் வழங்கும் கதை என்றே சொல்லப்படும்.

கடைசி நிறுத்தம் ஆர்மீனியத் தேவாலயம். 1772-ஐச் சேர்ந்த இக்கட்டடத்தின் முற்றத்துக் கல்லறைப் பலகைகள் தரையோடு தரையாகப் பதிக்கப்பட்டவை. அவற்றுக்கிடையே ஹாருத்யுன் ஷ்மாவோனியனின் கல்லறையும் உள்ளது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழை 1794-இல் அச்சிட்டு வெளியிட்ட பாதிரியார் அவர். அச்சிட்ட இடம் நம் சென்னை. அங்கே வாடிக்கையாளர்களை அவசரப்படுத்த எங்களுக்கு மனம் வருவதில்லை. எனவே இதுவரை பதினைந்து நிமிடமாக இருந்த அந்த நிறுத்தத்தை அரை மணி நேரம் ஆக்கியிருக்கிறோம். அதற்கு ஈடாக, நுழைவுக் கட்டுப்பாடுகளால் பலமுறை ஏமாற்றம் தந்த உயர்நீதிமன்ற வளாகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். அதனுள் நிற்கும், 1844 முதல் கப்பல்களுக்கு வழிகாட்டிய பழைய கலங்கரை விளக்கத் தூணை வெளியிலிருந்தே காட்டுவோம்.

நடை ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மட்டுமே என்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். மற்ற நாட்களில் கோடவுன் தெருவில் துணிப் பொதிகளும் ஆண்டர்சன் தெருவில் காகிதக் கட்டுகளும் இறங்கிக்கொண்டிருக்கும். மூட்டை சுமந்து வருபவருக்கு வழி மறித்து நின்று வரலாறு பேசுவது எங்களுக்கு உவப்பானதன்று. ஞாயிறு காலையில் கடைக்கதவுகள் மூடியிருப்பதால் கண் தானாக மேலே சென்று, பெயர்ப்பலகைகளுக்கு மேல் ஒளிந்திருக்கும் மரத்தூண்களையும் சுதை வேலையையும் காணும். அதே காரணத்தால் ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, ஒலிபெருக்கியும் வைத்துக்கொள்வதில்லை. வீட்டு வாசல்களில் கோலம் போட்டுக்கொண்டிருப்பவர்களை அனுமதியின்றிப் படம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கட்டணம் அதே நானூறு ரூபாய்தான். தேநீரும் அதில் அடக்கம். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால், கோயில்வரையிலான பாதிப் பாதையோடு முடித்துக்கொள்ள ஏற்பாடு செய்து பாதிக் கட்டணத்தைத் திருப்பித் தருவோம். அந்தப் பெரியவரை அடுத்த நடைக்குக் கட்டணமின்றி அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார். வழக்கம்போல் கல்லருகே கூடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் நடை வழிகாட்டிகள்