இடத்திற்கேற்ற இரையும் தூண்டிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பொழுதுபோக்காக மீன்பிடிக்கத் தொடங்கும் நம்மவர்கள் பலர், ஒரே தூண்டிலோடு கடலுக்கும் நீர்த்தேக்கத்திற்கும் செல்வதைக் காண்கிறேன். சிங்கப்பூரின் பிடோக் படகுத்துறையில் நீரோட்டம் வேகமாக இருக்கும்போது, இலேசான ஈயக்குண்டு தரையில் நிற்காமல் பக்கத்தில் இருப்பவரின் தூண்டில் நரம்போடு சிக்கிக்கொள்ளும் என்பதால், அங்கே கனத்த ஈயமும் அதைத் தாங்கும் கழியும் தேவை. உயிர் இறாலைக் கோக்கும்போது, தலைக்குள் தெரியும் கரும்புள்ளியைத் தவிர்த்து, தலைமுனைக் கொம்புக்குக் கீழே தூண்டில்முள்ளை மெல்ல நுழைத்தால், அது நெடுநேரம் நீந்திக் கொடுவா மீனை ஈர்க்கும். புள்ளியில் குத்தினால் உடனே செத்துவிடும்.

நீர்த்தேக்கங்களில் நிலைமை வேறு. மீன்பிடிக்க அனுமதியுள்ள பகுதிகளிலும் செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்தலாம் என்பது விதி, ரொட்டியும் மண்புழுவும் (இன்னும் எத்தனை பேர் பையில் கொண்டுவருகிறார்கள்!) கூடாது. பீகாக் பாஸ் மீனுக்குச் சிறிய மீன்வடிவ இரை போதும். தோமான் எனும் பெரிய விரால் மீனின் பற்களோ மெல்லிய நரம்பை நொடியில் அறுத்துவிடும் என்பதால், முனையில் தடித்த நரம்பைக் கட்டுவது அவசியம். மீனைத் திரும்ப நீரில் விட விரும்புவோர், எதிர்முள் (முனையருகே பின்நோக்கி நீளும் சிறு கூர்) இல்லாத தூண்டில்முள்ளைக் கேட்டு வாங்கலாம்.

தூண்டில் கடைக்காரர்கள் இவ்விவரங்களைத் தமிழிலும் எழுதி வைக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தெம்பனிஸ்