அது கம்பளிப்பூச்சி இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் தோட்டப் பக்கத்தில், நந்தியாவட்டையை மொட்டையடிக்கும் பச்சைப் புழுவின் படத்தைப் போட்டு, கம்பளிப்பூச்சி, பட்டால் அரிக்கும், உடனே மருந்து அடியுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை. அந்தப் புழுவின் உடம்பில் சுணை கிடையாது, மொழுமொழுவென்று இருக்கும். கையில் ஏறவிட்டாலும் அரிக்காது. வால் பக்கம் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதும் கொடுக்கு அல்ல. எங்கள் வாசல் செடிக்கு வருஷா வருஷம் வருவதைப் பார்க்கிறவள் என்பதால் சொல்கிறேன்.

அது ஒருவகை ஹாக் மாத், அதாவது பெரிய அந்துப்பூச்சியின் புழு. அரளியிலும் வளரும். அதன் அறிவியல் பெயரான டாஃப்னிஸ் நீரியையில் உள்ள 'நீரியை'யே அரளியைக் குறிப்பதுதான். ஆடு மாடு வாய் வைக்காத அந்த விஷச் செடியைத் தின்றே இது விரல் நீளத்துக்கு வளர்ந்துவிடுகிறது.

இலையோடு இலையாக ஒட்டியிருக்கும், லேசில் கண்ணுக்குப் படாது. செடிக்குக் கீழே மிளகு மிளகாக எச்சம் கிடந்தால் நேர் மேலே தேடுங்கள். மெல்லத் தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முன்னுடம்பை உப்பும். அப்போது நீல விளிம்பும் வெள்ளை நடுவுமாக இரண்டு பெரிய கண்கள் முறைக்கும். பறவையை மிரட்டத்தான் அந்தப் பொய்க்கண்கள். நிஜக் கண்கள் தலையில் புள்ளி புள்ளியாக இருக்கின்றன.

நன்றாகத் தின்று முடித்ததும் பழுப்பாகி, கீழே இறங்கிச் சருகுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். சுமார் இரண்டு வாரத்தில் அந்துப்பூச்சி வெளியே வரும். சிறகில் பாசிப் பச்சை, நடுநடுவே வெளிர் ரோஜா நிறத் தீற்றல். பொழுது சாய்ந்ததும் மல்லிகைப் பந்தலில் உட்காராமலேயே, அந்தரத்தில் நின்றபடி நீளமான உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிக்கும். தேன்சிட்டோ என்று தோன்றும்.

இலை போகிறதே என்றால், போகட்டும். வேர்பிடித்த நந்தியாவட்டை மறுபடி தளிர்த்துவிடும். எங்கள் செடி ஒவ்வொரு தடவையும் தளிர்த்திருக்கிறது. சின்னச் செடியாக இருந்தால் புழுவை எடுத்துப் பெரிய அரளியில் விட்டால் போதும். மருந்து வேண்டாம்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே அந்துப்பூச்சியின் படத்தையும், முடிந்தால் வண்ணத்தில்.

அன்புடன்,
ஒரு வாசகி,
மன்னார்குடி