மழைக்கு முன்னால் ஒரு வேண்டுகோள்: காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்றே சொல்லுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். விடைத்தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தோம், பாதிப் பேர் இன்னும் அனுப்பவில்லை. அது இருக்கட்டும். இந்தக் கடிதம் மதிப்பெண்ணைப் பற்றியது அல்ல, டெங்குவைப் பற்றியது.

ஐப்பசி பிறந்தால் மழை, மழைக்குப் பின்னாலேயே காய்ச்சல். காய்ச்சல் பரவிய பிறகுதான் நாம் எல்லாரும் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் "புகை மருந்து அடிங்க" என்று கேட்கிறோம். புகை வண்டி தெருவுக்குள் வந்தால் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பெரியவர்களுக்கும் ஏதோ வேலை நடக்கிறது என்று ஒரு திருப்தி. ஆனால் புகை பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கட்டிலுக்கு அடியிலும், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும். தெருவில் அடிக்கிற புகை அதுவரை போவது அபூர்வம். தொட்டியில் நெளிகிற புழுவை அது ஒன்றும் செய்யாது. ஒரு வாரத்தில் அந்தப் புழு கொசுவாகிப் பறந்துவிடும்.

இந்தக் கொசு கடிப்பது பகலில். காலையில் பொழுது ஏறும்போதும் மாலையில் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம் கடிக்கும். அந்த நேரத்தில் பெரும்பாலும் பிள்ளைகள் எங்கள் பொறுப்பில்தான் இருக்கிறார்கள். ஆகவே இது சுகாதாரத் துறையின் வேலை என்று நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. அது வெகுதூரம் பறக்கும் கொசுவும் அல்ல. பள்ளியில் ஒரு பிள்ளையைக் கடித்தால், அந்தக் கொசு பள்ளி வளாகத்திலோ பக்கத்துத் தெருக்களிலோதான் பிறந்திருக்கும்.

அதனால்தான் கிராம சபை முடிந்த கையோடு பள்ளி மேலாண்மைக் குழு சார்பில் ஒரு கூட்டம் போட்டோம். ஊராட்சிச் செயலர், ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர், தூய்மைக் காவலர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், பேருந்து நிறுத்தத்துப் பஞ்சர் கடைக்காரர் எல்லாரும் வந்தார்கள். மேல்நிலைத் தொட்டியின் டேங்க் ஆபரேட்டரையும் கூப்பிட்டிருந்தோம். அவர் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். என்னைக் கேட்டால் அன்றைக்கு உருப்படியாக ஏதாவது முடிவானது என்றால் அது அவரால்தான்.

வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள் என்றார் சுகாதார ஆய்வாளர். சரியான பேச்சுதான். உடனே ஓர் அம்மா எழுந்து, "தண்ணி எப்ப வரும்னு தெரிஞ்சாத்தானே சார் இருக்கிறதக் கொட்ட முடியும்?" என்று கேட்டார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. நான்கு நாளுக்கு ஒருமுறை, சில சமயம் ஐந்து நாளுக்கு ஒருமுறை வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்காமல் குடும்பம் எப்படி நடத்துவது? டேங்க் ஆபரேட்டரும் செயலரும் அங்கேயே உட்கார்ந்து, எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்று எழுதித் தந்துவிட்டார்கள். அந்தப் பட்டியல் இப்போது பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, பிள்ளைகளின் நாட்குறிப்பிலும் எழுதச் சொல்லியிருக்கிறோம். உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருகிற நாளன்று காலையில் தொட்டியைக் காயவிட்டால் போதும்.

தண்ணீரைக் கொட்டிக் கவிழ்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஏடிஸ் முட்டை தொட்டியின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும். தேங்காய் நார் வைத்து அழுத்தித் தேய்த்தால்தான் போகும். கொல்லையில் சும்மா கிடக்கிற ஆட்டுக்கல் குழி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, கொட்டாங்குச்சி இவற்றையும் பாருங்கள். பழைய டயர்களைக் கூரைக்குக் கீழே மாற்றிவிடுவதாகப் பஞ்சர் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பள்ளிக் கழிப்பறைத் தொட்டியும் கைகழுவும் இடமும் எங்கள் பொறுப்பு, வெள்ளிக்கிழமைதோறும் கழுவுவோம்.

இத்தனை பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்ய முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் போலியோவை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, பேருந்து நிலையம், ரயில் நிலையம் என்று எங்கும் சொட்டு மருந்து முகாம் போட்டார்கள். அரசோடு ரோட்டரி சங்கங்களும் நின்றன, ஆசிரியர்களும் நின்றார்கள். இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் நாட்டில் வந்த கடைசி பாதிப்பு, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டதுதான். 2014 மார்ச்சில் இந்தியாவுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. எங்களிடம் மருந்து இல்லை, ஆய்வகம் இல்லை. வருகைப் பதிவேடு இருக்கிறது. ஒரே தெருவிலிருந்து மூன்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் வரவில்லை என்றால், மருத்துவமனைக் கணக்கில் ஏறுவதற்கு முன்பே அது எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வகுப்பாசிரியர் போன் செய்து கேட்டால், "ஊருக்குப் போயிருக்கான் சார்" என்று சொல்லிவிடுகிறீர்கள். காய்ச்சல் என்று சொன்னால் அதிகாரிகள் வீட்டைச் சோதிப்பார்கள், அபராதம் போடுவார்கள், அக்கம்பக்கம் பேசும் என்ற பயம் புரிகிறது. சொன்னவர் வீட்டைத் தனியாகக் குறிவைக்க மாட்டார்கள், அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதையும்தான் பார்ப்பார்கள் என்று கூட்டத்திலேயே பேசி முடித்திருக்கிறோம்.

சீக்கிரம் சொல்லுங்கள் என்பதற்குக் காரணம் உண்டு. காய்ச்சலில் படுத்திருப்பவரைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பாது. அதன் உடம்பில் கிருமி பெருக ஏறக்குறைய பத்து நாள் ஆகும். முதல் இரண்டு நாளிலேயே தகவல் கிடைத்தால், சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குள் வந்து கொசுவையும் புழுவையும் ஒழிக்க அவகாசம் இருக்கும். காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். பணியாளர்கள் தொட்டியில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றினால் அவர்கள் தலை மறைந்ததும் கொட்டிவிடாதீர்கள், சரியான அளவில் ஊற்றினால் அதனால் கெடுதல் இல்லை.

அப்புறம், மருந்துக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்கித் தர வேண்டாம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவை டெங்குவில் ரத்தக் கசிவை அதிகமாக்கும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதி அடைகிற அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தானது. கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை சோர்ந்து துவண்டு போவது, இவற்றில் எது தெரிந்தாலும் இரவு என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மழைக்காலம் முடியும்வரை முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை எந்த நிறத்தில் இருந்தாலும் அனுமதிப்போம், சீருடைதான் வேண்டும் என்று கேட்க மாட்டோம். காய்ச்சலுக்கு எடுக்கும் விடுப்புக்குக் கடிதம் வேண்டாம். காலை ஒன்பதரை மணிக்குள் வகுப்பாசிரியருக்குப் போனில் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி