பாதுகாப்புக்குப் பணம் வாங்கிவிட்டுப் பாதுகாப்பையே அணைத்து வைத்தமை தொடர்பான முறைப்பாடு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.

பெறுநர்:
முகாமையாளர்,
கணினி விற்பனை மற்றும் பழுதுபார்க்கும் நிலையம்,
திருகோணமலை.

2023.09.11

ஐயா,

கடந்த பெப்ரவரியில் உங்களிடம் ஒரு மேசைக் கணினியும் வெளியே பொருத்தும் வன்தட்டு ஒன்றும் வாங்கினேன். கடந்த மாதம் இரண்டிலும் இருந்த கோப்புகள் அனைத்தும் கப்பம் கேட்கும் நச்சுநிரல் ஒன்றால் பூட்டப்பட்டன. கடைக்கு வந்து கேட்டபோது, "வைரஸுக்கு உத்தரவாதம் இல்லை, நீங்கள் யாருடைய பென் டிரைவையாவது செருகியிருப்பீர்கள்" என்று சொல்லி அனுப்பினீர்கள். அந்தப் பதிலை எழுத்தில் தருமாறு கேட்டேன். தரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

செருகப்பட்ட பென் டிரைவ் உங்களுடையது. அதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன்.

உங்கள் பற்றுச்சீட்டில் கணினியின் விலைக்குக் கீழே "விண்டோஸ் 10 ஒரிஜினல்" என்று ஒரு வரியும் "வைரஸ் கார்ட் 1 வருடம்" என்று, அதாவது வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கென, இன்னொரு வரியும் இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனியே பணம் வாங்கியிருக்கிறீர்கள். ஓகஸ்ட் மாதத்தில் திரையின் வலது கீழ் மூலையில் விண்டோஸைச் செயற்படுத்துமாறு ஒரு மங்கலான வாசகம் தோன்றியது. அழைத்தேன். உங்கள் தொழினுட்பவியலாளர் வீட்டுக்கு வந்து, தன் பென் டிரைவில் இருந்த சிறிய நிரல் ஒன்றை ஓடவிட்டார். வாசகம் மறைந்தது. அந்தத் தம்பி மரியாதையானவர். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. கொடுத்து அனுப்பியதைத்தான் அவர் கொண்டுவந்தார்.

உரிமம் வாங்கிய விண்டோஸுக்கு அப்படி ஒரு நிரலே தேவையில்லை. பெரிய நிறுவனங்கள் தம்மிடமுள்ள நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரே இடத்திலிருந்து செயற்படுத்துவதற்கு மைக்ரோசொஃப்ட் வைத்திருக்கும் கேஎம்எஸ் என்ற ஏற்பாட்டைப் போலியாகக் காட்டி ஏமாற்றும் நிரல் அது. அந்த ஏற்பாட்டில் ஒரு முறை செயற்படுத்தினால் 180 நாட்களுக்குத்தான் செல்லும். பெப்ரவரியில் தந்த கணினி ஓகஸ்டில் ஏன் முறையிட்டது என்பதற்கு இதுவே விளக்கம். நீங்கள் "ஒரிஜினல்" என்று எழுதித் தந்தது திருட்டுப் பிரதி.

அன்று மாலையே ஒரு சாளரம் திறந்தது. விண்டோஸ் புதுப்பிக்கப்படுகிறது, கணினியை அணைக்க வேண்டாம் என்று அதில் இருந்தது. சந்தேகப்பட்டு உடனே உங்கள் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "அப்டேட்தான் அம்மா, முடியும்வரை விடுங்கள்" என்றார்கள். அது போலிச் சாளரம். அதன் பின்னால் என் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன. உங்கள் நிலையம் விற்கும் கணினிகளில் அப்டேட் சேவையை நிறுத்தி வைப்பவர்கள் நீங்களே. அப்டேட் வரவே முடியாத கணினியில் அப்டேட் சாளரம் எப்படி வரும் என்று தொலைபேசியை எடுத்தவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த நிமிடத்தில் மின்சாரத்தைப் பிடுங்கச் சொல்லியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும்.

சாளரம் மூடியபோது ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து வால் ஒன்று ஒட்டியிருந்தது. கோப்புறைகளில் ரீட்மீ என்ற கடிதம் கிடந்தது. 980 டொலர் கொடுக்க வேண்டுமாம், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலையாம். இன்றைய நிலவரத்தில் முழுத்தொகை மூன்று இலட்சம் ரூபாவுக்கும் மேல். ஒரு சதமும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். இந்த அடையாளங்கள் ஸ்டொப் டிஜேவியூ என்ற நச்சுநிரல் குடும்பத்துக்கு உரியவை. வீட்டுக் கணினிகளையே குறிவைக்கும் இது, பெரும்பாலும் திருட்டு மென்பொருள்களோடும் அவற்றைச் செயற்படுத்தும் நிரல்களோடும் சேர்ந்தே உள்ளே வருகிறது. கணினித் தொழில் செய்பவருக்கு இது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது.

என் முன்னாள் மாணவர் ஒருவர் இப்போது கணினித் துறையில் இருக்கிறார். அவர் வந்து கணினியைப் பார்த்தபோது கண்டதை நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். விண்டோஸ் 10 உடன் விலையில்லாமல் வருகின்ற டிஃபெண்டர் என்ற பாதுகாப்பில், பரிசோதிக்க வேண்டாதவை என்று ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. அதில் கணினியின் பிரதான சேமிப்பிடமான சி டிரைவ் முழுவதையும் சேர்த்திருக்கிறீர்கள். அமைப்பு மாற்றப்பட்ட திகதியும் நேரமும் டிஃபெண்டரின் நிகழ்வுப் பதிவேட்டில் இருக்கின்றன. கணினி என் வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள், உங்கள் மேசையில் இருந்தபோது நடந்த வேலை அது. ஒரு வருட வைரஸ் கார்ட் என்று விற்றது 30 நாள் பரீட்சார்த்தப் பதிப்பு. மார்ச் மாதத்திலேயே காலாவதியாகிவிட்டது. அதன் பிறகு டிஃபெண்டர் தானாகவே மீண்டும் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது, ஆனால் பார்க்கக் கூடாது என்று நீங்கள் சொல்லி வைத்த இடத்தை அது பார்க்கவில்லை. காவற்காரனுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு அவன் கண்ணைக் கட்டி வாசலில் நிறுத்திய வேலை இது. திருட்டு நிரலை டிஃபெண்டர் பிடித்துவிடும் என்ற ஒரே காரணத்துக்காக இதைச் செய்திருக்கிறீர்கள்.

அப்டேட்டை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு "டேட்டா வீணாகும், கணினி மெதுவாகும்" என்றீர்கள். டேட்டாவின் விலை எனக்கும் தெரியும். அதற்காக விண்டோஸிலேயே, அளவிட்டுப் பயன்படுத்தும் இணைப்பு என்று குறித்து வைக்கும் வசதி இருக்கிறது. அதைச் செய்து தர ஒரு நிமிடம் போதும். 2017 மே 12ஆம் திகதி வொனாக்ரை என்ற கப்ப நச்சுநிரல் உலகெங்கும் மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசொஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள்தான் அடிபட்டன. அது நடந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் புதுப்பிப்பை நிறுத்தி வைத்த கணினியை விற்பதற்கு உங்களால் எப்படி முடிந்தது?

வெளி வன்தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எப்போதும் செருகியே வைத்திருங்கள், தானாகப் பிரதி எடுக்கும்" என்று அமைத்துத் தந்தவர்கள் நீங்கள். எப்போதும் செருகியிருக்கும் வன்தட்டு, கணினிக்கு இன்னொரு டிரைவ் மட்டுமே. மூலத்தைப் பூட்டிய நச்சுநிரல் பிரதியையும் அதே மாலையில் பூட்டியது. பிரதி எடுத்ததும் கழற்றி அலுமாரியில் வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது.

போனவை என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். எங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்துக்கு நான் பொருளாளர். சந்தாக் கணக்கு முழுவதும் அந்தக் கணினியில்தான் இருந்தது. இப்போது பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொரு குடும்பத்தின் கணக்கையும் திரும்ப எழுதுகிறேன். ஈரம் பட்டு மை கலங்கிய அடிக்கட்டைகளுக்கு, வீட்டுக்குப் போய் "எந்த மாதம்வரை கட்டினீர்கள்" என்று கேட்க வேண்டியிருக்கிறது. கூலி வேலை செய்து சந்தா கட்டியவர்களிடம் போய் அப்படிக் கேட்பது அவர்களுடைய சொல்லைச் சந்தேகிப்பது போல ஆகிறது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எங்கள் வீட்டு அல்பங்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு யாழ்ப்பாணத்திலும் கனடாவிலும் இருந்த உறவினர்களிடம் கேட்டுக் கேட்டு, அவர்களிடம் இருந்த பழைய படங்களின் பிரதிகளைச் சேர்த்தேன். அனுப்பியவர்களில் சிலர் இன்று உயிருடன் இல்லை. இந்த நச்சுநிரல் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டுமே பூட்டுகிறது என்பதால், மகளின் நடன அரங்கேற்றக் காணொளியை ஓரளவு மீட்க முடிந்தது. சிறிய ஆவணங்கள் முழுமையாகவே போய்விட்டன. ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோலும் பிறரும் சேர்ந்து 2016 முதல் நடத்தும், பூட்டிய கோப்புகளைத் திறக்க உதவும் நோ மோர் ரான்சம் தளத்திலும் பார்த்தோம். கப்பக் கடிதத்தில் உள்ள அடையாளக் குறியீடு "டி1" என்று முடிந்திருந்தால் பலருக்கும் பொதுவான திறவுகோல் ஒன்று கிடைக்க வாய்ப்பு உண்டு. எங்களுடையது அப்படி முடியவில்லை.

நீங்கள் முன்வைத்த ஒரே தீர்வு, 3,500 ரூபாவுக்கு ஃபோர்மட் செய்து, அதாவது எல்லாவற்றையும் அழித்து, தருவது. சம்மதிக்கவில்லை. பூட்டிய கோப்புகளுக்கு என்றாவது திறவுகோல் வெளிவரலாம். அதோடு, உங்கள் கைவேலைக்குக் கணினிக்குள் இருந்த வன்தட்டுத்தான் சாட்சி. அதைக் கழற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

என் இழப்பைவிட என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. அன்று என் வீட்டிலிருந்து கிண்ணியாவுக்கும் மறுநாள் மூதூருக்கும் இதே வேலைக்காகப் போவதாக அந்தத் தம்பி சொன்னார். அதே பென் டிரைவோடு. இந்த நச்சுநிரல், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் நிரல்களையும் கூடவே இறக்கிவிடுவது வழக்கம். நான் வேறொரு கருவியிலிருந்து என் வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றிவிட்டேன். அந்த வீடுகளில் யார் மாற்றினார்கள்?

ஆகவே அந்த பென் டிரைவை உடனே பாவனையிலிருந்து நீக்க வேண்டும். இந்த ஆண்டு உங்களிடம் கணினி வாங்கிய, பழுதுபார்த்த ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, விலக்குப் பட்டியலை நீக்கவும் அப்டேட்டை இயக்கவும் கடவுச்சொற்களை மாற்றவும் சொல்ல வேண்டும். எனக்கு உரிமம் உள்ள விண்டோஸ் தர வேண்டும், வைரஸ் கார்டுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும், கோப்புகளை மீட்க நான் செய்த செலவையும் ஏற்க வேண்டும். என்ன செய்தீர்கள் என்பதை இம்மாதம் 30ஆம் திகதிக்கு முன் எழுத்தில் அறியத் தாருங்கள்.

பதில் வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அதிகார சபையிடம் முறையிடுவேன். பென் டிரைவ் விடயத்தை, நாட்டின் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் ஸ்ரீ லங்கா சேர்ட் நிறுவனத்துக்கு இன்றே அறிவிக்கிறேன், ஏனென்றால் அதற்கு உங்கள் பதிலுக்காகக் காத்திருக்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஓய்வுபெற்ற ஆசிரியை.

இணைப்புகள்: பற்றுச்சீட்டின் பிரதி, விலக்குப் பட்டியலின் திரைப்பிடிப்பு, நிகழ்வுப் பதிவேட்டின் அச்சுப்பிரதி, கப்பக் கடிதத்தின் பிரதி.